அச்சத்தை இறைவனிடம் ஒப்படைத்தவர்

நெய்யாற்றின்கரை ஸ்ரீகிருஷ்ணசுவாமி கோயிலுக்குச் செல்லும் அன்பர்கள், நவநீதக் கண்ணனைத் தரிசித்தபின் அங்குள்ள தொன்மையான பலாமரத்தையும் வணங்குவது வழக்கம். 'அம்மச்சிப் பிலாவு' என்பது அதன் பெயர். அதன் பொந்தில்தான் இளவரசர் மார்த்தாண்ட வர்மர் உயிர் பிழைக்க ஒளிந்திருந்தார் என்று அவ்வூர் மரபு கூறுகிறது. எட்டு வீட்டில் பிள்ளைமாரின் ஆட்கள் அவரைத் துரத்தி வந்தனர். சிறுவன் ஒருவன் தோன்றி, மரப்பொந்தைக் காட்டி ஒளிந்துகொள்ளச் சொன்னான். ஆபத்து நீங்கியபின் தேடியபோது சிறுவனைக் காணவில்லை. வந்தவன் கண்ணனே என்று தெளிந்த மன்னர், பின்னாளில் அங்கே கோயில் எழுப்பினார்.

திருவிதாங்கூரை உருவாக்கிய மாவீரர் என்று வரலாறு போற்றும் மன்னரும் ஒருநாள் அச்சத்தோடு மரப்பொந்தில் மூச்சை அடக்கி நின்றார். இதில் இழிவு ஏதுமில்லை. அச்சம் உயிர்களின் இயல்பு. கடமையை நிறைவேற்றுவதற்காக உயிரைக் காத்துக்கொள்வதும் அறமே.

அந்த மன்னரின் ஆட்சியிலேயே, அதே நிலப்பகுதியில், அரசாங்க அலுவலர் ஒருவர் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் விலங்கு பூண்டு கிடந்தார். ஒரே ஒரு சொல்லைத் திரும்பப் பெற்றிருந்தால் பழைய பதவியும் இல்லமும் உயிரும் அவருக்குக் கிடைத்திருக்கும். அந்தச் சொல்லை அவர் திரும்பப் பெறவில்லை. நீலகண்ட பிள்ளை என்று பிறந்து, தேவசகாயம் என்று வாழ்ந்து மறைந்த அவரது வாழ்க்கை, அச்சத்தைப் பற்றியும் அஞ்சாமையைப் பற்றியும் ஆன்மிக சாதகர் எவருக்கும் சில உண்மைகளை உணர்த்தக்கூடியது.

சிவாலயத்தின் நிழலில்

பாறசாலையைக் கடந்து தெற்கே வந்தால் களியக்காவிளை. அங்கே இன்று தமிழகம் தொடங்குகிறது. இந்த எல்லைக்கோடு 1956 நவம்பர் 1-ஆம் நாள் வரையப்பட்டது. அதற்கு முன் நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் கல்குளமும் ஒரே அரசின் பகுதிகள். தமிழும் மலையாளமும் கலந்து பேசிய மக்கள் ஒரே சந்தைக்கும் ஒரே திருவிழாவுக்கும் சென்று வந்தனர். குழித்துறைக்கு அப்பால், அந்தப் பழைய விளவங்கோட்டு மண்ணில் இருக்கிறது நட்டாலம் என்னும் சிற்றூர்.

மகா சிவராத்திரியின்போது கன்னியாகுமரி மாவட்டத்தில் நிகழும் சிவாலய ஓட்டத்தை வாசகர்கள் அறிவார்கள். கோவிந்தனின் திருநாமத்தை முழங்கிக்கொண்டே அடியார்கள் 12 சிவாலயங்களை ஓடித் தரிசிக்கும் அரிய வழிபாடு அது. அந்த ஓட்டம் நிறைவடையும் பன்னிரண்டாம் தலம் நட்டாலம். 1712 ஏப்ரல் 23-ஆம் நாள் நீலகண்டன் பிறந்தது இவ்வூரில்தான். தந்தையார் வாசுதேவன் நம்பூதிரி. தாயார் தேவகி அம்மை. சிவபெருமானின் திருநாமத்தையே பெயராகப் பெற்ற குழந்தை, வடமொழியும் தமிழும் மலையாளமும் கற்றது, போர்ப்பயிற்சியும் பெற்றது.

வளர்ந்தபின் அவர் அரசுப் பணியில் சேர்ந்தார். அக்காலத்தில் தலைநகர் பத்மநாபபுரம். சிவாலய ஓட்டத்தின் ஏழாம் தலமாகிய கல்குளம் நீலகண்டசுவாமி கோயில் அங்கேதான் இருக்கிறது. அரண்மனைப் பணியோடு அக்கோயில் அலுவல்களிலும் அவருக்குப் பங்கு இருந்தது. மயிற்கோட்டைச் சேர்ந்த பார்கவி அம்மையாரை மணந்தார். உயர்ந்த குலம், மன்னரின் நம்பிக்கை, வசதியான இல்லறம் என, இழப்பதற்கு நிறைய உள்ளவராகவே அவர் இருந்தார். பின்னால் நிகழ்ந்தவற்றைப் புரிந்துகொள்ள இதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். இழப்பதற்கு எதுவும் இல்லாதவனின் துணிவை விட, எல்லாம் உள்ளவனின் துணிவு அரியது.

துன்பம் திறந்த கதவு

1741 ஆகஸ்ட் 10-ஆம் நாள் குளச்சல் கடற்கரையில் டச்சுக் கம்பெனியின் படையை மார்த்தாண்ட வர்மர் முறியடித்தார். சிறைப்பட்டவர்களுள் யூஸ்டாக்கியஸ் டிலனாய் என்னும் இளம் தளபதியும் ஒருவர். மன்னர் அவரது திறமையைக் கண்டு, தம் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளிக்கும் பொறுப்பைக் கொடுத்தார். பத்மநாபபுரத்துக்கு அருகிலுள்ள உதயகிரிக் கோட்டை அவரது மேற்பார்வையில் திருத்திக் கட்டப்பட்டது. அந்தப் பணியில் நீலகண்ட பிள்ளைக்கும் பொறுப்பு இருந்ததால் இருவரும் நண்பர்களாயினர்.

அக்காலத்தில் நீலகண்டரின் குடும்பத்தில் அடுத்தடுத்து இழப்புகள் நேர்ந்தன. கால்நடைகள் மடிந்தன, பயிர்கள் அழிந்தன. முகம் வாடியிருந்த நண்பருக்கு டிலனாய் விவிலியத்திலிருந்து யோபுவின் வரலாற்றைக் கூறினார். செல்வம், மக்கள், உடல்நலம் ஆகிய யாவற்றையும் இழந்தும் இறைவனைப் பற்றியிருந்த மனிதரின் கதை அது. நல்லவனுக்கு ஏன் துன்பம் வருகிறது என்ற கேள்விக்கு அந்நூல் எளிய விடை எதையும் தருவதில்லை. துன்பத்தின் நடுவிலும் இறைவனோடு உள்ள உறவு அறுபடத் தேவையில்லை என்பதை மட்டும் அது காட்டுகிறது. நீலகண்டரின் உள்ளத்தில் அது ஆழப் பதிந்தது. நாளடைவில் அவர் கிறிஸ்து பெருமானையே தம் இஷ்ட தெய்வமாக உணரலானார்.

கணவாயைக் கடந்த நாள்

உள்ளத்தால் ஏற்பது ஒன்று. உலகறிய ஏற்பது வேறொன்று. அரசாங்க அலுவலரான உயர்குலத்தார் ஒருவர் வேற்றுச் சமயம் தழுவினால் என்ன நேரும் என்பதை அவரும் நண்பரும் நன்கு அறிந்திருந்தனர். அதனால்தான் டிலனாய் அவரைத் திருவிதாங்கூருக்கு வெளியே, கிழக்கே பாண்டி நாட்டிலுள்ள வடக்கன்குளத்துக்கு அனுப்பினார். அங்கே இயேசு சபையைச் சேர்ந்த புத்தாரி அடிகளார் என்னும் இத்தாலியத் துறவி பணியாற்றிவந்தார். வடக்கன்குளம் செல்ல ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை தாழ்ந்து வழிவிடும் இடம் அது. காற்று ஓயாமல் வீசும் வாசல். அந்த வாசல் வழியாக அவர் சென்றார்.

1745 மே 14-ஆம் நாள், தம் 33-ஆம் வயதில், அவர் திருமுழுக்குப் பெற்றார். இலாசர் என்னும் விவிலியப் பெயரின் பொருளைத் தமிழில் அமைத்து அவருக்குத் தேவசகாயம் என்று பெயரிட்டனர். இறைவனே துணை என்பது அதன் பொருள். அச்சம் மிகுந்த பாதையில் கால் வைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறு இருக்க முடியாது.

பார்கவி அம்மையாரும் கணவரின் வழியைப் பின்பற்றி ஞானப்பூ என்னும் பெயரைப் பெற்றார். ஆயினும் சொந்த ஊரில் என்ன தண்டனை வருமோ என்ற அச்சம் அவருக்கு இருந்தது. ஆகவே வடக்கன்குளத்திலேயே குடியேறினார். கணவருக்குப் பின் 14 ஆண்டுகள் அங்கே வாழ்ந்து, 1766-இல் மறைந்தார். தேவசகாயத்தைப் போற்றும்போது இந்த அம்மையாரை நாம் மறந்துவிடக்கூடாது. அவர் அஞ்சினார், எனினும் ஏற்றதைக் கைவிடவில்லை. உறவும் ஊரும் விட்டு, வேற்று நாட்டில் கைம்பெண்ணாக நம்பிக்கையைக் காத்து வாழ்ந்ததும் ஒரு வீரமே. அதற்கு விழா எடுப்பவர் குறைவு.

விலங்கு பூண்ட ஆண்டுகள்

தேவசகாயத்தின் வாழ்வில் வெளிப்படையான ஒரு மாற்றம் ஏற்பட்டது. சாதி வேற்றுமை பாராமல் எல்லோருடனும் பழகவும் உடன் அமர்ந்து உண்ணவும் தொடங்கினார். தாழ்த்தப்பட்டவர் இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று அளந்து வைத்திருந்த காலம் அது. வேறொரு தெய்வத்தை வணங்கியதைவிட, இந்தச் சமநோக்கே அரண்மனை வட்டாரத்தில் பலரை அதிகமாகச் சினமூட்டியிருக்கக்கூடும்.

பகைவர்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் அரசாங்க இரகசியங்களை வெளியிட்டார் என்று அவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. 1749 பிப்ரவரி 23-ஆம் நாள் அவர் கைதானார். இது பொய்க் குற்றச்சாட்டு என்பதும் சமய நம்பிக்கைக்காகவே அவர் தண்டிக்கப்பட்டார் என்பதும் கத்தோலிக்கத் திருச்சபையின் முடிவு. மார்த்தாண்ட வர்மர் சமயப் பொறையுடையவர் என்றும் தண்டனைக்கு அரசியலே காரணம் என்றும் கூறும் வரலாற்றாசிரியர்களும் உள்ளனர். டிலனாய் இறுதிவரை கத்தோலிக்கராகவே இருந்து, மன்னரின் பெருந்தளபதியாக உயர்ந்து, 1777-இல் மறைந்து உதயகிரிக் கோட்டையிலேயே அடக்கம் செய்யப்பட்டார் என்பதும் உண்மையே. ஆகவே பிரகலாதன் கதையில் வரும் இரணியனாக மன்னரை நாம் சித்திரிக்க வேண்டியதில்லை. 1750 ஜனவரியில் அவரே தம் நாட்டை ஸ்ரீபத்மநாப சுவாமியின் திருவடிகளில் சமர்ப்பித்து, இறைவனின் தாசராக ஆளத் தொடங்கினார். பெருமாளின் அடியாராக ஒருவர் அரியணையிலும், கிறிஸ்துவின் அடியாராக ஒருவர் சிறையிலும் இருந்தனர். பக்தியில் குறைவில்லாத அரசிலும் அநீதி நிகழக்கூடும் என்னும் பாடத்தை அரசாள்வோர் எக்காலத்திலும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எருக்கம்பூ மாலை அணிவித்து, எருமையின்மீது பின்புறம் நோக்கி அமர்த்தி, அவரை ஊர் ஊராக அழைத்துச் சென்றனர். பிறர் அஞ்ச வேண்டும் என்பதே அதன் நோக்கம். அடித்த புண்களில் மிளகாய்ப் பொடி தூவினர் என்றும், குடிக்கத் தேங்கிய நீரையே கொடுத்தனர் என்றும் மரபு கூறுகிறது. பெருவிளையில் ஒரு வேப்பமரத்தில் அவரைக் கட்டி வைத்தனர். புலியூர்க்குறிச்சியில் தாகம் தாளாமல் அவர் பிரார்த்தித்து முழங்கையால் பாறையைத் தட்ட, நீர் சுரந்தது என்பது மக்களின் நம்பிக்கை. அந்தப் பாறையை இன்றும் அன்பர்கள் வணங்குகின்றனர்.

இந்த ஊர்வலம் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. ஏளனம் செய்ய வந்தவர்களில் பலர், அவரது பொறுமையைக் கண்டு மனம் நெகிழ்ந்து திரும்பினர். அவரிடம் ஆறுதல் தேடியும் ஆசி வேண்டியும் வருவோர் பெருகினர். அச்சமூட்டுவதற்காக நிறுத்தப்பட்டவரே பிறருக்கு அபயம் அளிப்பவராக மாறினார்.

இறுதியில் அவரை ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுசென்றனர். 7 ஆண்டுகளுக்கு முன் புதுவாழ்வு தேடிச் சென்றபோது கடந்த அதே கணவாய். கிழக்கே சற்றுத் தொலைவில் ஞானப்பூ அம்மையார் இருந்த வடக்கன்குளம். 1752 ஜனவரி 14-ஆம் நாள் இரவு, காற்றாடிமலைக்கு அவரை இட்டுச்சென்ற வீரர்களிடம், பிரார்த்தனை செய்யச் சிறிது நேரம் வேண்டினார். பாறையில் முழந்தாளிட்டு வழிபட்டார். பிறகு துப்பாக்கிகள் முழங்கின. அப்போது அவருக்கு வயது 39. அவரது திருவுடலின் எச்சங்கள் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன.

260 ஆண்டுகளுக்குப்பின், 2012 டிசம்பர் 2-ஆம் நாள் நாகர்கோவிலில் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்னும் நிலை அறிவிக்கப்பட்டது. 2022 மே 15-ஆம் நாள் உரோமையில் போப் பிரான்சிஸ், சார்லஸ் தெ ஃபூக்கோ முதலிய ஒன்பது பேருடன் அவரையும் புனிதராக அறிவித்தார். துறவியோ குருவோ அல்லாத இந்திய இல்லறத்தார் ஒருவர் இந்நிலை பெற்றது அதுவே முதல்முறை. அப்போது அவரது பெயரிலிருந்து சாதிப் பட்டம் நீக்கப்பட்டது. எல்லோருடனும் அமர்ந்து உண்டதற்காகத் துன்புற்றவருக்கு அது தகுந்த மரியாதை.

அஞ்சாமை எங்கிருந்து வருகிறது?

நமது பத்திரிகையில் இவரது வாழ்க்கை எதற்கு என்று சில வாசகர்கள் எண்ணக்கூடும். சமயம் மாறியவரை நாம் போற்றலாமா என்ற கேள்வி எழுவது இயல்பு. ஒருவர் தாம் பிறந்த நெறியில் நின்றே இறைவனை அடையலாம், சமயம் மாற வேண்டியதில்லை என்பதே சுவாமி விவேகானந்தர் உலகுக்கு அறிவித்த கருத்து. அதே வேளையில், 1874-இல் யது மல்லிக்கின் தோட்டமாளிகையில் அன்னை மரியும் குழந்தை இயேசுவும் உள்ள படத்தைக் கண்டு பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் அந்த பாவனையில் மூன்று நாட்கள் ஆழ்ந்திருந்ததையும், பின்னர் இயேசுநாதரின் தரிசனம் பெற்றதையும் நாம் அறிவோம். இஷ்ட நிஷ்டை என்பது சாதனைக்கு உயிர்நாடி. ஒருவர் தம் இதயத்தில் கண்ட இஷ்டத்தைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்த எந்த அரசுக்கும் எந்தச் சமூகத்துக்கும் உரிமையில்லை. இவரது வாழ்க்கையில் நாம் வணங்குவது அந்த நிஷ்டையை.

பகவத் கீதையின் பதினாறாம் அத்தியாயம் தெய்வீகக் குணங்களைப் பட்டியலிடும்போது முதலில் வைப்பது அபயம், அதாவது அஞ்சாமை. அதை முதற்குணமாகப் படிக்கும் நாம், அச்சம் முழுவதும் நீங்கியபிறகே நல்ல செயலைத் தொடங்க வேண்டும் என்று தவறாக எண்ணிக்கொள்கிறோம். துணிவு வரட்டும் என்று காத்திருந்தே பலருடைய வாழ்நாள் கழிந்துவிடுகிறது.

கிறிஸ்தவ மரபு இதை அழகாகக் காட்டுகிறது. புயல் வீசிய இரவில் பேதுரு படகைவிட்டு இறங்கித் தண்ணீர்மீது நடந்தார். காற்றைக் கண்டு அஞ்சினார், மூழ்கத் தொடங்கினார். ஆனால் அப்போதும் தம் குருநாதரையே கூவி அழைத்தார். திருக்கரம் அவரைத் தூக்கிவிட்டது. பேதுருவின் அச்சத்தைக் காண்பவர்கள், படகிலேயே அமர்ந்திருந்த மற்றச் சீடர்களைக் கவனிப்பதில்லை. கிறிஸ்து பெருமானும் கெத்செமனித் தோட்டத்தில், இறப்புக்கு முந்தைய இரவில், துயரத்தால் வாடினார். அந்தத் துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகலலாகாதா என்று தந்தையிடம் வேண்டினார். பிறகு தம் விருப்பத்தைத் தந்தையின் திருவுளத்தில் ஒப்படைத்து எழுந்தார். அச்சம் வந்தது, சரணாகதி அதைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது.

இத்தகைய துணிவை நமது சங்கத்தின் வரலாற்றிலும் காண்கிறோம். 1886-இல் ஆன்ட்பூரில் நரேந்திரரும் சகோதரச் சீடர்களும் துனி நெருப்பின் முன் அமர்ந்து துறவு வாழ்வுக்கு உறுதி பூண்டனர். நரேந்திரர் அன்று இயேசுநாதரின் வாழ்க்கையையே எடுத்துரைத்தார். அது கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு என்பது பின்னரே அவர்களுக்குத் தெரியவந்தது. தந்தையை இழந்த நரேந்திரரின் வீட்டில் அப்போது வறுமை நிலவியது. தாயும் தம்பியரும் என்னாவார்கள் என்ற கவலை அவரை வாட்டியது. அந்தக் கவலை தீரும்வரை அவர் காத்திருக்கவில்லை. அதையும் குருதேவரின் திருவடிகளில் வைத்துவிட்டு நடந்தார்.

இப்போது நெய்யாற்றின்கரைப் பலாமரத்தை மீண்டும் நினைப்போம். ஒளிந்த மன்னரையும் ஒளியாத அடியாரையும் ஒப்பிட்டு ஒருவரைத் தாழ்த்துவது நமது நோக்கமன்று. எப்போது ஒளியலாம், எப்போது நிற்க வேண்டும் என்ற விவேகமே நமக்கு வேண்டியது. உடலைக் காக்க ஒளிவதில் குற்றமில்லை. தேவசகாயமும் முதலில் அண்டை நாட்டுக்குச் சென்றே திருமுழுக்குப் பெற்றார். வீணாக ஆபத்தை வலிந்து அழைக்கவில்லை. ஆனால் உண்மையை மறைத்தால்தான் உடல் பிழைக்கும் என்ற நிலை வந்தபோது, அவர் உடலை விட்டுக்கொடுத்தார்.

நம்மில் பெரும்பாலோருக்குத் துப்பாக்கிகளின் முன் நிற்கும் நிலை வரப்போவதில்லை. அலுவலகத்தில் ஒரு பொய்க் கணக்குக்குக் கையெழுத்திட மறுப்பது, உறவினர் எதிர்த்தாலும் எல்லோரையும் சமமாக உட்காரவைத்து உணவிடுவது, ஏளனத்துக்கு அஞ்சாமல் நாள்தோறும் பிரார்த்தனையில் அமர்வது போன்ற சிறு கணவாய்களே நமக்கு வாய்ப்பவை. அவற்றின் முன் நிற்கும்போது உள்ளம் நடுங்கினால் அதற்காக நாணவேண்டாம். அந்த நடுக்கத்தையும் அவரவர் இஷ்ட தெய்வத்தின் திருவடிகளில் வைத்துவிட்டு ஓரடி எடுத்து வைப்போம். இறைவன் துணையிருப்பான்.